கல்தொட்டியும் பாறை மல்லிகையும்

பாறை இடுக்கில் ஒரு வெள்ளைப் பணியாரத்தை ஒட்டவைத்தது போல இருக்கும் அந்தச் செடி. பெயர் ஆண்ட்ரோசேஸ் ஹெல்வெட்டிகா. ஆல்ப்ஸ் மலையில், சுண்ணாம்புப் பாறைகளின் செங்குத்து முகங்களில் வளர்கிறது. பூக்காத நாளில் சாம்பல் படிந்த பச்சைக் குமிழ். பூத்துவிட்டால் இலையே தெரியாது, முழுக்க வெள்ளை. இப்படிப்பட்டவற்றை மெத்தைச்செடிகள் என்று சொல்லலாம். ஆனால் விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தை போல அமுங்காது, கெட்டியாக எதிர்த்து நிற்கும்.

ஆண்ட்ரோசேஸ் என்ற இந்தப் பேரினத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் பாறை மல்லிகை. நம் மல்லிகைக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது பிரிமுலா குடும்பம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பேரினப் பெயர் இன்றும் நிலைக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் வட அரைக்கோளத்து மலைகளில் பரவியிருக்கின்றன. இமயமலையிலும் மேற்குச் சீனத்திலும்தான் கூட்டம் அதிகம். எல்லாமே மெத்தையாக வளர்பவை அல்ல. ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து மடிவன உண்டு. ஆண்ட்ரோசேஸ் சார்மென்டோசா போல ஓடுகொடி விட்டுப் படர்வன உண்டு. கெட்டி மெத்தைக்கு இமயத்தில் உதாரணம் கேட்டால் ஆண்ட்ரோசேஸ் டபீட்டே. திபெத்தின் பக்கம் 5000 மீட்டர் வரை ஏறிப் போகிறது.

பூவை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள். ஐந்து இதழ், நடுவில் குழாயின் வாயைச் சுருக்கிப் பிடித்த ஒரு சிறு வளையம். பல இனங்களில் இந்த வளையம் இளம் பூவில் மஞ்சளாக இருந்து, பூ முதிர முதிரச் சிவக்கும். ஒரே செடியில் மஞ்சள் கண்ணும் சிவப்புக் கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆண்ட்ரோசேஸ் வில்லோசாவில் இது நன்றாகத் தெரியும்.

இந்தக் குமிழ் வடிவம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால்தான், காரைக்குடியில் இதை ஏன் வளர்க்க முடியாது என்பதும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

விதையிலிருந்து ஒரே ஓர் ஆணிவேர் இறங்குகிறது. மேலே கிளைகள் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே நீளத்துக்கு, ஒரே வேகத்தில் வளர்கின்றன. எந்தக் கிளையும் மற்றதை முந்துவதில்லை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் இலைக்கொத்து. கொத்தும் கொத்தும் இடித்துக்கொண்டு நிற்பதால் மேற்பரப்பு மூடிக்கொள்கிறது. பழைய இலைகள் உதிர்வதில்லை. உள்ளேயே காய்ந்து, மக்கி, தூளாகி இடைவெளிகளை நிரப்புகின்றன. ஆகவே மெத்தைக்குள் ஒரு சின்ன மண் உருவாகிவிடுகிறது, அதுவும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண். வெளிப்புறம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். உள்ளங்கை அளவுள்ள செடிக்குப் பல பத்தாண்டு வயது இருக்கும்.

அரைக்கோளம் என்பது, உள்ளடக்கும் பருமனுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பை வெளியே காட்டும் வடிவம். மலைக்காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். கொத்துகளுக்கு நடுவே புகாது. வெயில் கொண்டுவந்த சூடு உள்ளேயே தங்கும். காற்றில்லாத தெளிந்த பகலில், மெத்தையின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிட 10 முதல் 20 டிகிரி வரை சூடாக இருக்கும். காற்று 8 டிகிரி என்றால் செடி 25 டிகிரியில் வேலை செய்யும். பனி உருகிச் சில வாரங்களே கிடைக்கும் கோடையில் பூத்துக் காய்க்க இந்தச் சூடு தேவை.

இந்த ஏற்பாட்டை ஆண்ட்ரோசேஸ் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. லடாக்கில் தைலகோஸ்பெர்மம் என்ற செடி பாறாங்கல் போலவே உருண்டு கிடக்கும். ஆண்டிஸ் மலையில் அசொரெல்லா கம்பாக்டா; கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம், பார்த்தால் பச்சைப் பெயின்ட் ஊற்றிய பாறை. அதன் பிசினுக்காக அங்குள்ளவர்கள் வெட்டி அடுப்பெரித்தார்கள். நியூசிலாந்தின் ரவுலியா சூரியகாந்திக் குடும்பம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, காரணம் குளிரும் காற்றும்.

இப்போது அதே குமிழை மே மாதம் காரைக்குடி முற்றத்தில் வைத்துப் பாருங்கள். நண்பகல் காற்று 38, 40 டிகிரி. அதற்கு மேல் 15 டிகிரி கூட்டிக்கொள்வது அந்த வடிவத்தின் இயல்பு. 55 டிகிரியில் இலை வெந்துவிடும். நிழலில் வைத்தால்? வெளிச்சம் குறைந்ததும் கிளைகள் நீளும், கொத்துகள் விலகும், மெத்தை குலைந்து பஞ்சு பறந்த தலையணை ஆகும். ஏசி அறையிலும் இதுதான் கதி. உயர்மலை வெயிலில் ஒரு சிறு பங்குதான் ஜன்னலோரத்தில் கிடைக்கும்.

பகலைவிட இரவுதான் பெரிய எதிரி. செடியின் சுவாசம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரு மடங்காகும். 7 டிகிரி இரவில் ஒரு பங்கு மாவுச்சத்தைச் செலவழித்த செடி, 27 டிகிரி இரவில் நான்கு பங்கு செலவழிக்கும். பகலில் சேர்த்ததை இரவே தின்று தீர்த்துவிடும். வெளியே பார்க்க வாட்டம் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் நடுப்பகுதி பழுப்பாகி ஒரு நாள் கையோடு வந்துவிடும். இதற்கெல்லாம் தப்பினாலும் ஐப்பசி அடைமழை இருக்கிறது. உள்ளே பிடித்துவைத்த ஈரத்தோடு 25 டிகிரி வெப்பம் சேர்ந்தால் அது இட்லிக் கொப்பரைதான். பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆக, மலையில் காப்பாற்றுகிற அதே வடிவம் இங்கே கொல்கிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பாறை முழுக்கப் பூத்த படங்களைப் போட்டு விதைப் பொட்டலங்கள் விற்கிறார்கள். ‘எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்ற வரியும் கூடவே இருக்கும். வாங்காதீர்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் வண்ணம் ஏற்றியது, உள்ளே இருப்பது வேறு ஏதோ விதை. உண்மையான விதையே வந்தாலும் ஏமாற்றம் வேறு விதமாக வரும். ஈர மணலோடு கலந்து ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்து மார்கழியில் விதைத்தால் சில முளைக்கும். மாசி வரை நன்றாகவே இருக்கும். பங்குனி வெயிலில் போகும். முளைத்துவிட்டதே என்று நம்பிக்கை வைத்தவர்களுக்குத்தான் வலி அதிகம்.

கொடைக்கானல், ஊட்டியில் வீடு உள்ளவர்களுக்கு வேறு பதில். குளிர் ஓரளவு ஒத்துவரும், மழைதான் ஒத்துவராது. பக்கங்கள் திறந்து, மேலே மட்டும் கண்ணாடியோ தெளிவான பாலிகார்பனேட் தகடோ போட்ட கொட்டகை இருந்தால் படரும் வகைகளை முயலலாம். இமயத்தின் ஆண்ட்ரோசேஸ் லானுஜினோசா, சார்மென்டோசா இரண்டும் இருப்பதில் பொறுமைசாலிகள். ஹெல்வெட்டிகா, வான்டெல்லீ போன்ற கெட்டி மெத்தைகளில் ஆரம்பிக்க வேண்டாம்.

குளிர்நாட்டுக்காரர்கள் இந்தக் கெட்டி மெத்தைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதில்தான் நமக்கு எடுத்துக்கொள்ள ஏராளம் இருக்கிறது. மண் கலவையில் பாதிக்கு மேல் கல்தான்: 3 முதல் 5 மி.மீ. கல்துகள் மூன்று பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. சுட்ட மண் தொட்டி. அந்தத் தொட்டியைக் கழுத்து வரை மணல் படுகையில் புதைத்து, தண்ணீரை மணலுக்கு ஊற்றுகிறார்கள். தொட்டிச் சுவர் வழியாக ஈரம் கசிந்து வேருக்குப் போகும். மெத்தையில் ஒரு சொட்டு விழாது. செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றி இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் கல்லை மட்டும் நிரப்புகிறார்கள். செடிக்கும் ஈரமண்ணுக்கும் நடுவே அந்தக் கல்தான் காவல். வாடிய பூக்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். விட்டுவிட்டால் சாம்பல் பூஞ்சை அங்கிருந்து உள்ளே இறங்கும். பழுப்புத் திட்டு வந்தால் நல்ல பச்சை தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் காய்ந்த மணலைப் போட்டு மூடுகிறார்கள். உரம் பெயருக்குத்தான், அதுவும் தழைச்சத்து குறைந்ததாக. தழைச்சத்து ஏறினால் கொத்துகள் பெருத்து மெத்தை தளர்ந்துவிடும்.

சுண்ணாம்பிலும் கவனம் வேண்டும். ஹெல்வெட்டிகாவுக்குச் சுண்ணாம்புப் பாறை. வான்டெல்லீக்குச் சுண்ணாம்பு ஆகாது, கருங்கல் வகைப் பாறைதான். ஒரே பேரினம் என்பதால் ஒரே கலவை என்று நினைப்பது அனுபவமுள்ளவர்களும் செய்யும் தவறு.

இன்னொரு பழக்கமும் அவர்களிடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள், பண்ணைகளில் கழித்துப் போட்ட கல்தொட்டிகளையும் கல் கழுவுதொட்டிகளையும் எடுத்துவந்து மலைச்செடிகளை நட ஆரம்பித்தார்கள். தொட்டி கிடைப்பது அரிதானதும், சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கரிமண் இரண்டு பங்கு கலந்து கல் மாதிரியே வார்த்துக்கொண்டார்கள். செட்டிநாட்டில் அந்தச் சிரமம் இல்லை. இரண்டாம் கட்டிலும் கொல்லையிலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டிகள் இன்னும் கிடக்கின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். உடைத்து ஜல்லியாக்கி விற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. ஒரு கல்தொட்டி கைக்கு வந்தால் கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

60 செ.மீ. நீளம், 40 அகலம், உள்ளாழம் 20 என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 48 லிட்டர். முதலில் அடியில் துளை இருக்கிறதா பாருங்கள். பழைய தொட்டிகளில் துளையை அடைத்திருப்பார்கள், இல்லாமலும் இருக்கும். துளையில்லாத தொட்டியில் என்ன கலவை போட்டாலும் அடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். துளைபோடும் எந்திரத்தில் கல்லுக்குரிய டைமண்ட் பிட் போட்டு, 12 மி.மீ. அளவில் மூன்று துளைகள், விளிம்பிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி. மெதுவான சுழற்சி, தண்ணீர் விட்டுக்கொண்டே. சுத்தியல் இயக்கத்தைப் போடாதீர்கள். பழைய கல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பிளந்துகொள்ளும். கல்தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை.

நிரப்புவதற்கு முன்பே இடத்தில் வைத்துவிட வேண்டும். கலவையே 50 கிலோவுக்கு மேல் போகும், கல்லின் எடை தனி. இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் துளைக்கு அடியில் காற்று போகும். காலை வெயில் முழுக்கக் கிடைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சுவர் நிழல் விழும் இடம் சிறந்தது. மேற்கு வெயிலில் கருங்கல் ஏற்கும் சூடு இரவு ஒன்பது மணிக்கும் இறங்காது. கிழக்குப் பார்த்த முகப்பின் ஓரம் சரியாக வரும். நாலு பக்கமும் அடைத்த உள்முற்றம் வேண்டாம், காற்றோட்டம் போதாது.

துளைகள் மேல் ஓட்டாஞ்சில்லுகளைக் கவிழ்த்து, அடியில் மூன்று செ.மீ. உடைந்த ஓடு. மேலே கலவை 35 லிட்டர்: செம்பாறாங்கல்லை உடைத்துச் சலித்த 3 முதல் 6 மி.மீ. துகள் 15 லிட்டர், பருமணல் 10 லிட்டர், செம்மண் 7 லிட்டர், நன்றாக மக்கிய இலை 3 லிட்டர். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் இதற்கு ஆகாது. எம்-சாண்ட் என்றால் மாவு சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைக் கழித்து, மேலே நிற்பதைத் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். அந்தத் தூள் ஒரு மழைக்காலத்தில் அடியில் இறங்கிக் களிமண் போல இறுகிவிடும். பழைய சுவரை இடித்த காரைத்தூளை வடிகாலுக்கு என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு ஏறி இலைகள் மஞ்சளாகும், தூளும் அடைக்கும். சேர்க்காதீர்கள்.

செம்மண்ணில் கோரைக்கிழங்கு ஒன்று தப்பி வந்தால் போதும், தொட்டி அதனுடையதாகிவிடும். 5 மி.மீ. சல்லடையில் சலித்து, கறுப்பாக உருண்டை உருண்டையாகத் தெரிவதை எல்லாம் கையால் பொறுக்குங்கள். சித்திரையில் அந்த மண்ணை நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளுக்கடியில் மூன்று வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்தினால் மற்றக் களை விதைகளும் குறையும்.

என்ன நடுவது? என் தேர்வு விஷ்ணுகிராந்தி. நம் சிவந்த வறண்ட நிலத்தில் தானாகப் படர்வது. பட்டுப்போன்ற மயிர் படிந்த சிறு இலை, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் நீலப்பூ, காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். பாறை மல்லிகை போல இதுவும் தரையோடு ஒட்டியிருப்பதுதான். ஆனால் மூடிய குமிழ் அல்ல. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே காற்று புகுந்து போகும், சூடு தங்காது. கடும் வறட்சியில் மேலே காய்ந்தாலும் அடியில் வேர்க்கட்டை காத்திருந்து மழைக்குத் துளிர்க்கும். அடுத்தது செப்பு நெருஞ்சி. தரையில் தட்டையாக விரித்த பாய். இலைக்கணுவில் செம்புச் சிவப்பில் துளித்துளியாகப் பூ. இரண்டும் சேர்ந்து கல்விளிம்பில் வழியும்போது, ஆல்ப்ஸ் படங்களைப் பார்த்து ஏங்கத் தோன்றாது.

வரப்பிலிருந்து செப்பு நெருஞ்சியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. ஆணிவேர் ஆழமானது, அறுந்தால் முடிந்தது. காய்ந்த காய்களைப் பொறுக்கி விதையாகப் போட வேண்டும். விதைத்தோல் கெட்டி, இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்து அரை நிமிடம் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, புரட்டாசி முதல் மழைக்குப் பின் நேரே தொட்டியில் அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். விஷ்ணுகிராந்திக்கும் இதே முறை. அதை ஐந்தாறு செ.மீ. நுனித்தண்டாக வெட்டி, அலசிய மணலில் நட்டு, நிழலில் வைத்தும் வேர்பிடிக்க வைக்கலாம். இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த அளவுத் தொட்டிக்கு மூன்று விஷ்ணுகிராந்தி, இரண்டு செப்பு நெருஞ்சி. நெருக்கி நட்டால் முதல் வருடம் அழகு, இரண்டாம் வருடம் ஒன்று மற்றொன்றை மூடிவிடும்.

கள்ளிமுளையானையும் நடலாம் என்று பலர் சொல்வார்கள். தொட்டிக்குப் பொருத்தமான செடிதான். ஆனால் காட்டிலிருந்து தோண்டாதீர்கள். ஏற்கெனவே பறித்துப் பறித்துக் குறைந்துபோனது. வளர்ப்பவரிடமிருந்து ஒரு துண்டு வாங்கி, வெட்டுவாயை ஐந்து நாள் காயவைத்து ஊன்றினால் போதும். உடனடியாக நிறம் வேண்டும் என்பவர்களுக்குப் பத்து மணிப்பூ இருக்கிறது. எட்டு செ.மீ. நுனி, பத்து நாளில் வேர், ஒரே மாதத்தில் பூ. ஆறு மணி நேர வெயிலுக்குக் குறைந்தால் மொட்டோடு நிற்கும்.

நட்டு முடித்ததும் மேலே இரண்டு செ.மீ. கனத்துக்குக் கால் இஞ்சு ஜல்லியோ செம்பாறாங்கல் துகளோ. கழுத்து ஒட்டிய இடத்தில் கையால் தள்ளிச் சேர்க்க வேண்டும். பாறை மல்லிகைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இதுதான் உயிரானது. நம் செடிகளும் பெரும்பாலும் கழுத்தில்தான் அழுகிச் சாகின்றன, வேரில் அல்ல.

தண்ணீரும் அவர்கள் வழிதான்: தெளிக்காமல், தொட்டியின் ஓரமாக, அடித்துளையில் சொட்டும் வரை ஒரே தடவையாக. பிறகு விரலைக் கல்லுக்கடியில் நான்கு செ.மீ. விட்டுப் பார்த்து, ஈரம் தெரிகிற வரை மறுபடி ஊற்றாதீர்கள். சித்திரை, வைகாசியில் இது இரண்டு நாளுக்கு ஒரு முறை வரும். கார்த்திகையில் தேவையே இருக்காது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல் மண் மட்டும் நனையும், வேர் மேலேயே திரியும், ஒரு நாள் ஊருக்குப் போனால் செடி போய்விடும். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் கல்லின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்துக் காட்டும். மாதம் ஒரு முறை பத்து லிட்டர் மழைத்தண்ணீரை ஒரே மூச்சில் விட்டு அலசிவிட வேண்டும். முற்றத்து மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்த வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டைகளில் எறும்பு குடியேறுவதைச் சாதாரணமாக விடாதீர்கள். காய்ந்த கல்கலவை அவற்றுக்குப் பிடித்த இடம். கூடவே வேரில் மாவுப்பூச்சியையும் வளர்த்துவிடும். நல்ல தண்ணீர் இருந்தும் செடி சுணங்கினால் ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் மண் நனைய ஊற்றி, பத்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை.

உரம் வருடத்துக்கு ஒரே தடவை, ஆவணிக் கடைசியில், இரண்டு கைப்பிடி சலித்த மக்கு. சாணிக்கரைசல் ஊற்றினால் இலை தழைத்துத் தண்டு நீண்டு தரையைவிட்டு எழும்பும், பூ குறையும். அடைமழை முடிந்து தை பிறந்ததும் கல்லை ஒரு முறை பார்க்க வேண்டும். மழை அடித்ததில் கழுத்தைச் சுற்றி ஒரு செ.மீ. குழிந்திருக்கும், மண் தெறித்து இலைகளில் ஒட்டியிருக்கும். இலையைக் கழுவிவிட்டு, குழிந்த இடத்தில் புதுக்கல்லைப் போட்டு நிரவுங்கள்.